நெல்லு வெட்டும் மெசினுக்கு நான் எறிந்த பிழைகள்

பிஎச்பியில் இணையத்தளம் எழுதிப் பிழைக்கும் தோழர்களே, நம் தொழிலில் பிழை வந்தால் மூடி மறைக்கக்கூடாது. அதற்குரிய எண்ணைப் போட்டு, வருபவரின் முகத்துக்கு நேரே எறிய வேண்டும். கிளிநொச்சியில் பாக்கியமக்காவின் நெல்லு வெட்டும் மெசினுக்கு முற்பதிவுத் தளம் செய்து கொடுத்தபோது நானும் முறைப்படிதான் எறிந்தேன்.

404: கிடைக்கவில்லை

கேட்ட பக்கம் இல்லாவிட்டால் 404. "நீங்கள் தேடியது கிடைக்கவில்லை" என்று வடிவான எழுத்தில் போட்டிருந்தேன். தர்மபுரத்து விவசாயி ஒருவர் தேடும் பெட்டியில் தன் வயலின் பெயரை எழுதியிருக்கிறார். உடனே போனில் எனக்குக் கோல்.

"தம்பி, என்ரை வயல் கிடைக்கேல்லையாம். தர்மபுரத்திலை பஸ்ஸாலை இறங்கி ஆரையும் கேளும், கூட்டிக்கொண்டு வந்து விடுவினம்."

403: அனுமதியில்லை

மெசின் சொந்தக்காரரைத் தவிர வேறு எவரும் பதிவுகளை மாற்றப் போனால் 403. நான் சொந்தக்காரர் என்று பதிந்தது பாக்கியமக்காவின் கணவருடைய தொலைபேசி எண்ணை. அக்கா தன் எண்ணால் மூன்று தரம் நுழையப் பார்த்தா. மூன்று தரமும் "உங்களுக்கு அனுமதியில்லை". ஸ்கூட்டியில் நேரே என் அறைக்கு வந்தவா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மெசின் என்ரை, டிரைவர் என்ரை, புருசனும் என்ரை. எனக்கு அனுமதியில்லை எண்டு சொல்ல நீர் ஆர் தம்பி?"

500: உள்ளே கோளாறு

ஒருவர் பதிந்த நாளை இன்னொருவர் கேட்டால் 409 எறிய வேண்டும். நான் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் எண் போடாமல் "பிழை" என்று வெறும் எக்செப்ஷனை எறிந்துவிட்டேன். எண் இல்லாவிட்டால் தளத்தைத் தாங்கும் பிரேம்வேர்க் அதை 500 ஆக்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், எல்லோருக்கும் ஒரே நாள்தான் வேண்டும். எல்லோருடைய போனிலும் "உள்ளே கோளாறு".

மெசின் பழுதாம் என்று ஊரெல்லாம் கதை. பயந்துபோய் வயலுக்கு ஓடினேன். விளைந்த நெல்லு அப்படியே நிற்கிறது. டிரைவர் ராசன் வரம்பில் சாக்கை விரித்து, எஞ்சினின் பாதியை அதில் பரப்பி வைத்திருந்தான்.

"உள்ளுக்குக் கோளாறு எண்டு சனம் சொல்லிச்சுது, கழட்டிப் பாத்தன் அண்ணை. ஒரு கோளாறும் இல்லை. இனிப் பூட்டத்தான் தெரியேல்லை."

409: மன்னிக்கவும்

பரந்தனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து பூட்டினோம். மழைக்கு முன் நெல்லும் தப்பியது, நானும் தப்பினேன். அன்றைக்கே 409 போட்டு, "மன்னிக்கவும், அன்று மெசின் வேறு வயலில் நிற்கும்" என்று திருத்தினேன். அதை வாசித்த ஒரு பெரியவர் ஆறுதலாகக் கோல் எடுத்தார்.

"அதுக்கென்ன தம்பி, மன்னிச்சாச்சு. மெசினை எப்ப அனுப்புறீர்?"

இப்போது அந்தத் தளத்தில் ஒருவருமே பிழையைக் காண்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் தளத்துக்குப் போகாமல் எனக்கே நேரே கோல் எடுக்கப் பழகிவிட்டார்கள்.