பஜனைக் கூடத்துக்கு எத்தனை கார்?

கட்டடத்துக்குப் பிளான் வரைந்து அப்ரூவல் வாங்கித் தருவது என் தொழில். பூஜை அறை கேட்பார்கள், வரைந்துவிடலாம். மாடிப்படி கேட்பார்கள், அதையும் வரைந்துவிடலாம். "வண்டியை எங்கே விடுவீங்க?" என்று நாம் கேட்டால் மட்டும் வம்புக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஆரணி கடைத்தெருவில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தவர்களுக்கு, அந்த பஜனைக் கூடத்தால் நான் பட்ட பாடு புரியும்.

குடியிருப்பவர்

முனிரத்தினம் வந்தார். சொந்தத் தறி வைத்திருப்பவர், எங்கள் பக்கத்துத் தெரு பஜனை சபைக்குத் தலைவர். ஓடு போட்ட பழைய கூடம் ஒழுகுகிறது, மழைக்காலத்தில் சாமி படத்துக்கே குடை பிடிக்க வேண்டியிருக்கிறது, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்.

வீடுகள் இருக்கிற பகுதியில் ஜனங்கள் கூடுகிற கட்டடம் கட்டினால், காரும் பைக்கும் நிறுத்த உள்ளேயே இடம் விட வேண்டும் என்று சொன்னேன். மனையோ பந்தியில் இரண்டு வரிசை இலை போடுகிற அகலம்தான். "கார்ல யாருங்க வர்றாங்க? எல்லாம் தறியில இருந்து எழுந்து அப்படியே நடந்து வர்றவங்க" என்றார். வீடாக இருந்தால் இவ்வளவு இடம் கேட்க மாட்டார்கள், கூடமாயிற்றே என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"அப்ப வீடுன்னே போட்டுடுங்க சார். சாமி அங்கதானே குடியிருக்காரு?"

ரோட்டின் அகலம்

எப்படியோ சமாளித்துக் கூடம் என்றே வரைந்து கொடுத்தேன். இடத்தைப் பார்க்க நகரமைப்பு ஆய்வாளர் மேடம் காலையிலேயே வந்துவிட்டார். வந்த நேரம் சரியில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளை நீட்டிப் பதப்படுத்துகிற வேலை. அது முடியும்வரை தெருவில் ஆடு கூட குறுக்கே போகாது. மேடத்தின் ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

சுவரோரமாக நாங்கள் இருவரும் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து போனோம். ரோட்டை அளக்க நான் டேப்பை நீட்டியதுதான் தாமதம், "இழையில பட்டா அறுந்துடும், கைய எடுங்க!" என்று நாலு பேர் கத்தினார்கள். மேடம் அசரவில்லை. இந்த ரோடு எத்தனை அடி என்று பாவுக்குப் பக்கத்தில் நின்றவரையே கேட்டார்.

"இப்ப ஒண்ணுமில்லீங்க மேடம். பாவு எடுத்துட்டா இருபது அடி."

நாற்காலி

அடுத்தது ஆட்சேபணை. கூடத்துக்கு எதிர்வீட்டு ரேவதி, பிளவுஸ் தைப்பவர், எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் நியாயம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மாமனாருக்கு நெஞ்சுவலி. கணவர் செய்யார் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். வாசல் முழுக்க பஜனைக்கு வந்தவர்களின் பைக். ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்துத் தெருமுனைவரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா?" என்று நகராட்சி ஆபீஸ் விசாரணையில் மேடத்தின் முன்னால் அவர் கேட்டபோது முனிரத்தினம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இந்த பிளான் தேறாது என்றே நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாமனார் ஏகாம்பரம்தான் சபையில் ஜால்ரா போடுபவர். மருமகளின் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்து வந்து, எங்கள் பக்கம் சாட்சி சொல்ல நின்றார். "பெரியவரே, உங்களத்தானே நாற்காலியில தூக்கினு போனாங்க?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாம்மா. தூக்கினு ஓடினவங்க யாரு? பஜனைக்கு வந்தவங்கதானே!"

மேலும் கீழும்

கடைசியில் மேடமே வழி சொன்னார். தரைத்தளம் முழுக்க வண்டிக்கு, கூடம் மாடியில். ரேவதியும் ஒத்துக்கொண்டார். கட்டி முடித்து, வெள்ளைக் கோடெல்லாம் போட்டு, திறப்பு விழாவும் வந்தது. பைக்குகள் கோட்டுக்குள் அழகாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ஏகாம்பரம் படியைப் பார்த்தார். டாக்டர் படியேறக் கூடாதென்று சொல்லியிருக்கிறாராம். கீழேயே, கார் நிற்க வேண்டிய கோட்டுக்குள் துண்டை விரித்து உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தாளம் கீழே இருக்கும்போது மேலே எப்படிப் பாடுவது என்று பாடகர்களும் இறங்கினார்கள். உட்கார இடம் வேண்டுமே? பைக்குகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன. மாடியில் சாமி மட்டும் ஃபேன் காற்றில் இருந்தார்.

நான் பதறிப்போய் ரேவதி வீட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு பைக் கூட இல்லை. பழைய கதை நடக்கக் கூடாதென்று முனிரத்தினம் அவர் வீட்டு வாசல் கேட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, காலை அகட்டி, தானே காவல் உட்கார்ந்திருந்தார். தைத்த பிளவுஸைக் கொடுக்கப் போக வேண்டிய ரேவதி, ஸ்கூட்டரோடு உள்ளே நின்று ஹாரன் அடித்துப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் தலைவர் காதில் விழவே இல்லை. கிட்டே வந்து தோளைத் தட்டினார்.

"தலைவரே, பைக்குன்னா தள்ளி வெச்சிட்டுப் போயினே இருப்பேன். உங்கள எப்படிங்க தள்றது?"

வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு விதிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது, மனுஷன் எங்கே உட்காருவான் என்பதற்குத்தான் நம் ஊரில் இன்னும் யாராலும் பிளான் போட முடியவில்லை.