ஹெலன் மேடம் சொன்ன ஊர்

கார் ஓட்டும்போது கருப்புசாமி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்க மாட்டார். பார்த்தால், தாம் பேசுவதை இவர் கேட்கிறார் என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பார்க்காமல் இருந்தால் டிரைவருக்குக் காது இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க இப்படி முதுகால் கேட்டுக் கற்றதுதான். கருமத்தம்பட்டியில் தறிகளுக்கு நூல் மூட்டை ஏற்றிய வேனில் தொடங்கி, டூரிஸ்ட் டாக்ஸி, பிறகு சரவணம்பட்டிக் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் என்று அவர் வாழ்க்கை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இவ்வளவு தூரம் வந்திருந்தது.

இப்போது பின்சீட்டில் இருப்பவர்கள் மார்ட்டின் சாரும் அவர் மனைவி ஹெலன் மேடமும். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு சிறிய ஊர். மேடத்துக்குக் கருப்புசாமி என்ற பெயர் வாயில் நுழையவில்லை. முன்பாதியை விட்டுவிட்டு 'சாமி' என்று மட்டும் கூப்பிட்டார். முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: அங்கே எப்படி, இங்கே எப்படி. அங்கே டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இங்கே காய்ச்சல் வந்த அன்றே பார்த்துவிடலாம் என்பார் மேடம். அங்கே பார்த்துவிட்டுக் காசு கேட்பதில்லையே என்பார் சார். அங்கே சாலையில் கால் வைத்தால் கார்கள் நின்றுவிடும். இங்கே சத்தி ரோட்டைக் கடக்கும்போது மேடம் கண்ணை மூடிக்கொள்வார். அங்கே குளிர்காலத்தில் டீ குடிக்கிற நேரத்துக்கே இருட்டிவிடும். இங்கே ரொட்டி ஏன் இப்படி இனிக்கிறது? திங்கட்கிழமை அங்கே சொர்க்கமாக இருப்பது வியாழக்கிழமைக்குள் வாழவே முடியாத இடமாகிவிடும். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏக்கம்.

மற்ற வெளிநாட்டுக்காரர்கள் பேசியதை எல்லாம் கருப்புசாமி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறார். இவர்கள் பேச்சை அப்படி விட முடியவில்லை. காரணம் அவர் மகள் கயல்விழி. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைகள் எழுதித் தேறியிருந்தாள். லீட்ஸில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வருகிறேன் என்றோ இல்லை என்றோ அவள் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சின்னத்தாயி எப்போதோ சரி சொல்லிவிட்டாள். கயல்விழி அப்பாவின் ஒரு வார்த்தைக்காக நின்றாள். அந்த வார்த்தைதான் அவரிடம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்களையே காரில் வைத்து ஓட்டுகிறோம், கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று இருந்தார். கேட்கக் கேட்கத் தெரிவது குறைந்துகொண்டே போனது.

"காலையில நல்ல ஊருங்கறீங்க, பொழுதோட வந்து கெட்ட ஊருங்கறீங்க. ஊரு என்னமோ இருந்த எடத்துல அப்படியேதான இருக்குது?" என்றாள் சின்னத்தாயி.

"அவிய சொல்றதத்தான நாஞ் சொல்றேன்."

"அவியளுக்கே தெரியாதாட்ட இருக்குது. உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

போன வாரம் அவர் துணிந்து நேராகவே கேட்டுவிட்டார். மேடம் காரை விட்டு இறங்கும்போது, தன் மகளுக்கு அந்த ஊர் ஆகுமா என்று. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். தாராளமாக அனுப்பலாம், நல்ல மனிதர்கள் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள், சாமி. நீ யார், யார் மகள், எந்த ஊர், ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் வருஷக்கணக்காக இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது. உங்கள் பெண்ணுக்கு அது கஷ்டமாக இருக்கும்."

அது கருப்புசாமியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. நீ யார் என்று கேட்கக்கூட நாதியில்லாத ஊரில் பெண்பிள்ளையை எப்படி விடுவது? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் போக வேண்டி வந்தது.

மார்ட்டின் சாருடன் வேலை செய்யும் மனோஜ்குமாரின் வீடு அங்கே, தோட்டத்துக்குள். மதிய விருந்துக்கு அழைத்திருந்தான். கார் நின்றதும் மனோஜின் அம்மா ராசாத்தாள் வாசலுக்கே ஓடிவந்தார். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க அம்மணி, வாங்க! வெய்யலுக்கு மூஞ்சி இப்படிச் செவந்து போச்சே!" மேடத்துக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்ததுபோல் சிரித்தார். உள்ளே போகும்போது திரும்பி, "சாமி, நீங்களும் சாப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ராசாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாமீங்கறாங்க பாரு! ஏப்பா, நீயி எந்தூரு?"

"கருமத்தம்பட்டிங்க."

"அட, எங்க சின்னப் புள்ளைய அங்கதான் குடுத்திருக்குது. கருமத்தம்பட்டில எந்தப் பக்கம்?"

இரண்டாவது கேள்வி வரும் என்று கருப்புசாமிக்குத் தெரியும். முதல் கேள்வி கேட்கப்படுவதே இரண்டாவதற்காகத்தான். அதற்கு அவரிடம் பல பதில்கள் இருந்தன: பஸ் ஸ்டாண்டு பக்கம், அவிநாசி ரோட்டு மேல, இப்ப சரவணம்பட்டிலதாங்க இருக்கறோம். ஆளைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்வார். அன்று ஏனோ உள்ளதே வாயில் வந்துவிட்டது.

"தெக்காலைங்க. காலனிங்க."

"ஓ... செரி செரி. வெய்யல்ல நிக்காத. ஷெட்டுல நல்ல நெழலு. எலை போடச் சொல்றேன், வகுறு நெறையச் சாப்புடு."

அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சொன்னபடியே டிராக்டர் ஷெட்டில் பாய் விரித்து இலை போட்டார்கள். இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும், நாட்டுக்கோழி வறுவல், இனிப்புக்கு ஒப்புட்டு என்று உள்ளே வைத்தது அத்தனையும் வந்தது. இன்னொரு விருந்தாளியோடு வந்த டிரைவர் முன்னறையில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் மோர் குடிப்பது ஷெட்டிலிருந்து தெரிந்தது. இவருக்கு வந்த மோர் பேப்பர் கப்பில் வந்தது.

சாப்பிடும்போது மனோஜ்குமாரே வந்து நின்றான். "அண்ணா, ஒப்புட்டு வெச்சாங்களா?"

"வெச்சாங்க தம்பி. ரெண்டு வெச்சாங்க."

அவன் கண் பேப்பர் கப்பில் பட்டது. உடனே செல்போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை என்று கருப்புசாமிக்குத் தோன்றியது. "இன்னொன்னு வெக்கச் சொல்றேண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன்மேல் கோபம் வரவில்லை. ஒப்புட்டு நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரைக் குழப்பியது. கேவலமாகப் போட்டிருந்தால் எழுந்து வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். வந்திருப்போமா என்றும் நினைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், காங்கேயம் தாண்டியதும், மேடம் தொடங்கினார். தலையில் மல்லிகை, நெற்றியில் குங்குமம். சமையலறை வரைக்கும் கூட்டிப் போனார்கள், சாமி அறையைக்கூடத் திறந்து காட்டினார்கள், அந்த அம்மா தன் கையாலேயே ஊட்டிவிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "நம் தெருவில் இத்தனை வருஷம் இருந்தோம், மார்ட்டின். யாராவது உள்ளே வா என்று சொன்னார்களா? இங்கே யாரையும் வாசலோடு நிறுத்துவதே இல்லை. அப்படித்தானே, சாமி?"

"எஸ் மேடம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. விருந்துக்குப் போய்வந்த மகிழ்ச்சியில் ஒருவர் சொல்வதை முகத்துக்கு நேராக இல்லை என்று மறுப்பது அவர் பிறந்த சீமையில் வழக்கமில்லை. 'ஆமாங்க' என்பது அங்கே சம்மதமல்ல, மரியாதை. ஆனால் மேடம் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். நாளைக்கு ஊருக்குப் போய், கோயமுத்தூரில் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை, எங்கள் டிரைவரே சொன்னார் என்பார். அதில் பொய்யும் இல்லை. மேடத்தை யாரும் நிறுத்தவில்லை.

அவிநாசிபாளையம் வரைக்கும் அவர் மனம் அதையே சுற்றியது. தான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி மேடம் சொல்வது தனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊரைப் போல இருந்தது. அப்படியானால் மேடம் தன் சொந்த ஊரைப் பற்றிச் சொன்னது? அங்கேயும் ஒரு ஷெட் இருக்குமோ? மேடம் அதன் பக்கம் போயிருக்கவே வேண்டியதில்லை. நல்ல மனிதர்கள், தாராளமாக அனுப்பலாம் என்றாரே, அதுவும் தன்னுடைய 'எஸ் மேடம்' போன்றதுதானோ?

நெஞ்சில் தங்கியிருந்த முள்ளையும் இப்போது திருப்பிப் பார்த்தார். அங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். மேடம் அதைக் குறையாகத்தான் சொன்னார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்காத ஊர்! அது குறையா?

தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று இருந்தது. கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கண்களைப் பின்சீட்டில் யாரும் அதுவரை கண்டதில்லை.

"மேடம், உங்கள் ஊரில் என் மகளை நிஜமாகவே யாரும் கேட்க மாட்டார்களா? எந்த ஊர், எந்தப் பக்கம் என்று?"

"கேட்கவே மாட்டார்கள்" என்றார் மேடம், வருத்தத்தோடு.

மார்ட்டின் சார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "உன்னைக் கேட்க மாட்டார்கள், ஹெலன். அவர் பெண்ணைக் கேட்பார்கள். எந்த ஊர் என்பார்கள். லீட்ஸ் என்று சொன்னால், அது சரி, நிஜமாக எந்த ஊர் என்று மறுபடியும் கேட்பார்கள்."

"எல்லோரும் அப்படியில்லை!"

"எல்லோரும் என்று நான் சொன்னேனா?"

பின்சீட்டில் வாக்குவாதம் முற்றியது. ஒரே வீட்டில் ஒரே கூரையின்கீழ் இத்தனை வருஷம் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். கருப்புசாமி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையில் வைத்தார். முன்னால் ஒரு லாரி சிக்னல் போடாமல் திரும்பியது. அது ஒன்றுதான் அன்று தெளிவாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது கயல்விழி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மகளின் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நல்லாச் சாப்ட்டுட்டு வந்துட்டாரு, விருந்தாளி!" என்றாள் சின்னத்தாயி. அவர் சிரிக்கவில்லை.

"கண்ணு, அங்க வர்ற நோயாளியெல்லாம், நீ எந்தூரு, எங்கிருந்து வந்தேன்னு கேப்பாங்களாமா. சாரு சொல்றாரு. மேடம் இல்லீங்கறாங்க."

"கேட்டாக் கேக்கட்டும்ப்பா. இங்க கேக்கலியா?"

"இங்க யாரு கேக்கறாங்க உன்னய?"

சோற்றைப் பிசைந்த கயல்விழியின் கை நின்றது. "தினமுந்தாம்ப்பா. ட்ரிப்ஸ் போடப் போனா, எந்த ஊரு அம்மணிம்பாங்க. சொன்னா, அதுல எந்தப் பக்கம்பாங்க. நல்ல பாட்டிங்கதான் கேப்பாங்க, ஆப்பிளெல்லாம் குடுப்பாங்க. உள்ளதச் சொன்னதுக்கு ஒருத்தரு வேற நர்ஸ வரச் சொன்னாரு."

"இப்ப நீ என்ன சொல்றே?"

"நாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லிப்போடறேன்."

கருப்புசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலை அவர் ஒரு நாளும் அவளுக்குக் கற்றுக் கொடுத்ததில்லை. லீட்ஸ் எப்படிப்பட்ட ஊர் என்று மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தவர், மகள் தினம் வேலைக்குப் போய் வருகிற இடம் எப்படிப்பட்டது என்று ஒரு தடவைகூட விசாரித்திருக்கவில்லை.

"போயிட்டு வா கண்ணு" என்றார்.

சின்னத்தாயி கரண்டியோடு திரும்பினாள். "அப்பாடா! அது நல்ல ஊருதான்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"அதெங்க தெரிஞ்சுது."

"பின்ன எதுக்குப் போகச் சொல்றீங்க?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். கயல்விழி அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது சரியாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவள் முகத்தைத் தாழ்த்திக்கொள்வாள்.

திங்கட்கிழமை காலை மேடம் காரில் ஏறியதும் கருப்புசாமி விஷயத்தைச் சொன்னார். மேடம் கை தட்டினார். தன் அக்காவின் நம்பரைத் தருகிறேன், குளிருக்கு நல்ல கோட்டு வேண்டும் என்று அடுக்கினார். சத்தி ரோட்டு சிக்னலில் கார் நின்றதும் பேச்சும் நின்றது. வழக்கம்போலக் கண்ணை மூடியிருப்பார் என்று நினைத்தார் கருப்புசாமி. ஆனால் மேடம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், இந்த ஊரை விட்டு எப்படி இருப்பாள்?" என்றார். "இங்கே எல்லோரும் எல்லோரையும் இவ்வளவு அன்பாக விசாரிக்கிறார்கள். இல்லையா, சாமி?"

'எஸ்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கருப்புசாமி அதை அங்கேயே நிறுத்தினார். 'நோ' என்று சொல்லலாமா என்று பார்த்தார். அதுவும் உண்மையாகத் தோன்றவில்லை. அந்த ஒப்புட்டு நினைவுக்கு வந்தது, வாசலுக்கு ஓடிவந்த அந்த அம்மா நினைவுக்கு வந்தார்.

"தெரியவில்லை, மேடம்" என்றார் ஆங்கிலத்தில்.

மேடம் முன்னால் சாய்ந்து, முதல் தடவையாகக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது. கருப்புசாமி வண்டியை எடுத்தார்.