கோரைக்குள் இருவர்

முடிதிருத்தும் கடையில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவர், விடுமுறை நாளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனால் வேறு ஆளாகிவிடுவார். கோரைக்குள் உட்கார்ந்துவிட்டால் இருமலைக்கூட விழுங்கிவிடுவார். வாத்துக்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை என்பது அவர் கட்சி.

கூடப் போவது மச்சான், மனைவியின் தம்பி. லாரி மெக்கானிக். ஆள்தான் ஆஜானுபாகு, சேற்றில் நடந்தால் பூனை தோற்றுப்போகும்.

அன்று விடியும்போது ஏரியைப் பனி மூடியிருந்தது. மச்சான் கரையோரம், இவர் தள்ளி உள்ளே என்று பேசிப் பிரிந்தார்கள்.

“நான் கூப்பிடற வரைக்கும் இடத்தை விட்டு நகராத.”

“சரி மாமா.”

வெளிச்சம் வந்தும் ஒரு வாத்துகூட இறங்கவில்லை. தவளைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. கெண்டைக்காலில் அட்டை கடிக்க, பொறுக்கமாட்டாமல் காலை உதறினார். கோரை சலசலத்து அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் எதிரே கோரை விலகியது. காற்றே இல்லை. ஏதோ ஒன்று தாழ்வாக, நின்று நின்று, அவரை நோக்கி வந்தது. மீன்காரர் ஒருவரின் தொடையைக் கிழித்த காட்டுப்பன்றி அவர் நினைவுக்கு வந்தது. துப்பாக்கியைத் தூக்கினார். குரல் கொடுத்துப் பார்க்கலாமா? நினைத்தார், பழக்கதோஷம், வாய் திறக்கவில்லை. விரல் விசையைத் தொட்டுவிட்டது.

அப்போதுதான் டீசல் வாடை அடித்தது.

“மச்சான்?”

பனிக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கிக் குழல் அவர் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது.

“டேய், நான்தான்டா!”

குழல் உடனே இறங்கவில்லை. இறங்கியதும் மச்சான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான்.

“கோரை ஆடுச்சு மாமா. பன்னின்னு நெனச்சு வந்தேன். சுட்டிருப்பேன்.”

அவன் துப்பாக்கியை வாங்கி இவர்தான் தோட்டாவைக் கழற்றினார்.

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்லல.”

மத்தியானமே சொல்லிவிட்டார். மனைவி வெங்காயம் நறுக்கியபடி முழுவதையும் கேட்டாள்.

“நீங்கதான்னு சொன்னப்புறமும் ஏன் உடனே எறக்கல?”

“வெலவெலத்துப் போயிருப்பான்மா, பாவம்.”

அவள் நறுக்கிய வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். அடுத்த விடுமுறையன்று தம்பி துப்பாக்கியோடு வந்து நின்றபோது வாசலை மறித்துக்கொண்டாள்.

“அவரு வரல.”

“அக்கா, அது மாமான்னு சத்தியமா எனக்குத் தெரியலக்கா.”

“நான் ஒண்ணும் கேக்கலியே.”

அவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தனியாக ஏரிப் பக்கம் நடந்தான். அவன் தெருமுனையில் திரும்பும் வரை, உள்ளே இருந்தவர் ஜன்னலோரம் மூச்சுக் காட்டாமல் நின்றார்.