வெட்டுப்புள்ளி பெனரில் நான் எழுதிய பொய்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்குக் கல்முனையில் என் கடையில் மூன்று போட்டோகொப்பி மெஷின், ஒரு பெனர் மெஷின், லெமினேட்டிங் எல்லாம் இருக்கின்றன. யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. டிகிரி முடித்தவர்கள் பிழையோடு எழுதிக்கொண்டு வரும் கடிதங்களைத் திருத்தி அனுப்புகிறவன் நான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் பிழை விட்டவனும் நான்தான்.

ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் என் கடை வாசலில் செருப்புப் போட இடமிருக்காது. பிள்ளையின் பரீட்சைச் சுட்டிலக்கத்தைக் கம்பியூட்டரில் அடித்து, பெறுபேற்றைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுப்பது என் வேலை. அந்த ஒரு தாளை வாங்கும்போது பெற்றவர்களின் முகம் போகிற போக்கை நான் பார்த்ததுபோல் எந்த அதிபரும் பார்த்திருக்க மாட்டார்.

அன்றைக்கு நிசார் வந்தான். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து லொறியில் கொண்டுபோய் விற்பவன். கூடவே மகள் ஹம்னா, பள்ளிக்கூட உடுப்போடு. அவளுடைய படம் போட்ட வாழ்த்து பெனர் ஒரு கிழமைக்கு முன்பே என் கடையில் அடித்துச் சுருட்டி வைத்திருந்தது. எங்கள் ஊர்களில் இப்போது அதுதான் வழக்கம். பெறுபேறு வந்த கையோடு சந்தியில் யாருடைய பிள்ளையின் படம் முதலில் ஏறுகிறது என்று போட்டி. புள்ளி போடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு முன்கூட்டியே அடித்துவிடுவோம். அவளுக்கு டியூஷன் படிப்பித்த சேர், "இவள் பாஸ் எண்டு எழுதி வெச்சிக்கங்க" என்று சொல்லியிருந்தாராம்.

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவு.

நிசார் தாளை என் கையிலிருந்து பறித்துக் கசக்கினான். "பெயில். ரெண்டு வருஷமா இவள்ற உம்மா நித்திர முழிச்சிப் படிப்பிச்சது இதுக்கா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன் ஹாஜியார். இனி இவள் படிச்சிக் கிழிச்சது போதும். ஆறாம் வகுப்பும் தேவல்ல ஒண்டும் தேவல்ல. ஊட்ட கிடக்கட்டும்."

வாசலில் நின்ற ஒருவர் நிசாரைப் பார்த்து, "காக்கா, பெனர் இரிக்கிதானே, லொறிக்கு மேல போட்டு மூடுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். ஹம்னா அழவில்லை. மூலையில் சுருட்டி நின்ற அந்த பெனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்த ஓரத்தில் அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும் இருந்தன.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. கவுண்டரைத் தட்டினேன்.

"டேய் நிசார், யாருடா பெயில்? ரெண்டு தாள், ஒண்டுக்கு நூறு, மொத்தம் இருநூறு. எழுபது எடுத்தாலே சித்தி, பாஸ். ஒன்ட மகள் அதப்போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட எடுத்திரிக்காள். வெட்டுப்புள்ளி எண்டது பாஸ் மார்க் இல்லடா. அரசாங்கத்துட்ட உதவிப்பணம் அளவாத்தான் இரிக்கி, பெரிய ஸ்கூல்ல இடமும் அளவாத்தான் இரிக்கி. அத எந்தப் புள்ளியோட நிப்பாட்டுற எண்டு போடுற கோடு அது. மாவட்டத்துக்கு மாவட்டம் வேற. வேற மாவட்டத்துல படிச்சிருந்தா இவள் இதே புள்ளிக்கு உள்ள போயிருப்பாள். மறுகா எப்படி பெயில் எண்டு சொல்லுவா?"

நிசார் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாம்பிள் பெனரைக் காட்டினான்.

"ஹாஜியார், அத வாசிங்க."

நான் வாசிக்கத் தேவையில்லை. நானே எழுதியது. 'வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றுச் சித்தியடைந்த எமது செல்வத்தை வாழ்த்துகிறோம்.' அந்த வசனத்தை எழுதி எத்தனையோ வருஷம். மற்ற கடைக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான்.

"ஒங்கட பெனர்தானே ஊர் முழுக்கத் தொங்குது. கோட்டுக்கு மேல எடுத்தாத்தான் சித்தி எண்டு நீங்கதானே எழுதிரிக்கிங்க. மறுகா என்ன புதுக் கதை கதைக்கிறிங்க?"

அவன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதியதை வாசித்து ஊரே தன் பிள்ளைகளை பெயில் என்று எண்ணியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை யார் மீது போடுவதென்று தெரியவில்லை. கண்ணாடியில் இருந்ததைக் கிழித்தேன். கம்பியூட்டரில் இருந்த வசனத்தையும் அழித்தேன். அடுத்த நாள் டியூஷன் சேர் வந்து பழைய வசனமே வேண்டும் என்றார். முடியாது என்றேன்.

"ஹாஜியார், வியாபாரத்துல ரோஷம் பாக்கப்படாது."

"ஒங்களுக்கு அது இல்ல எண்டு தெரியும் சேர். போய் வேற கடையில அடிங்க."

போனார். இன்றுவரை திரும்பவில்லை. போகட்டும்.

ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்தது. ஒரு காலையில் நிசார் ஹம்னாவோடு வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினான். பிறப்புச் சாட்சிப் பத்திரம்.

"ரெண்டு கொப்பி. நீங்க சொன்னத யோசிச்சன். ஊருப் பள்ளிக்கூடத்துலதான் சேர்க்கப் போறன்."

"மகளிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"வாப்பா மகளிட்ட கேக்கிறதா? நல்ல கதை!"

"கேக்காட்டி கொப்பி இல்ல."

பத்திரத்தை மெஷினுக்கு மேல் வைத்துவிட்டு நான் கவுண்டருக்கு வெளியே வந்தேன். எழுபது வயதில் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் நின்று, "மகள், பிழையா எழுதினது நான். மன்னிச்சிக்க" என்றேன். நிசார் அவளுடைய தலையில் கையை வைத்து, "வாப்பாவும்தான்" என்றான்.

ஹம்னா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெனர்ல இரிக்கிற என்ட போட்டோவ மட்டும் எடுத்துத் தாங்க. மத்தது தேவல்ல."

கத்தரிக்கோலை எடுத்தேன். இப்போது யார் பெறுபேறு பார்க்க வந்தாலும், கோடு என்றால் என்ன, சித்தி என்றால் என்ன என்று சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுக்கிறேன். கேட்க நேரமில்லாதவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.