எனக்கில்லை, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவளிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் பகுதியில் பேர், ஊர், வயது, என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. மார்பில் கட்டி என்று வருகிறவர்கள் மட்டும் கடைசிக் கேள்விக்குக் கூரையைப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். சிரித்த எனக்கே அந்த வருஷம் இடது மார்பில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. இரண்டு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

இருபது வருஷக் குடித்தனம்

தொட்டியத்திலிருந்து வாழைத் தோட்டக்காரர் ஒருவர் மனைவியை அழைத்து வந்தார். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். அந்த அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள். என்ன செய்கிறது என்றேன். தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, இந்த இடத்தில் கட்டியாம் என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார். மனைவி பக்கம் திரும்பினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருபது வருஷம் குடித்தனம் பண்ணியாச்சுங்க. இதையெல்லாம் பொம்பளைகிட்ட எப்படிங்க கேக்கறது?"

கோமளமும் வேதமும்

ஸ்ரீரங்கத்திலிருந்து கோமளம் மாமி திங்கட்கிழமை வந்தாள். பக்கத்து வீட்டு வேதத்துக்கு மார்பில் கட்டியாம், வேதம் கூச்சப்படுகிறாளாம், மருந்து மட்டும் கேட்டு வாங்கிப் போக வந்தாளாம். ஆளைப் பார்க்காமல் மருந்து கிடையாது என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை வேதம் மாமியே வந்து நின்றாள். பாவம், சொன்னதும் வந்துவிட்டாளே என்று சீட்டில் அவள் பேரை எழுதினேன். மாமி பதறிப்போனாள்.

"ஐயையோ, என் பேரை எழுதாதேங்கோ! கட்டி பக்கத்தாத்துக் கோமளத்துக்கு!"

ஒரே பெஞ்சு

டாக்டரம்மாவா சளைத்தவர்? கோமளத்தை அழைத்து வரச் சொல்லி வேதத்துக்கும், வேதத்தை அழைத்து வரச் சொல்லிக் கோமளத்துக்கும் தகவல் அனுப்பினார். வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக. பெஞ்சில் உட்கார்ந்து, நீ போ, நீதான் போகணும் என்று அரை மணி நேரம் உபசாரம் நடந்தது. பொறுமை இழந்த ஆயா அந்தோணியம்மா இருவரையும் சேர்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இருவருக்குமே கட்டி. வேதத்துக்கு வெறும் கொழுப்புக் கட்டி. கோமளத்துக்குப் புற்றாக இருக்கும், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. பெண்களுக்கு அதிகமாக வருகிற வியாதிதான், தெருவுக்குத் தெரு இருக்கிறது, ஒளித்து வைப்பதால் தெரிவதில்லை என்றும் சொன்னார். கோமளம் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"லோகத்துலேயே எனக்கு மட்டுந்தான்னு பெருமாள்கிட்ட அழுதுண்டிருந்தேன். பக்கத்துல நின்னு இவளும் அதுக்குத்தான் அழுதிருக்கா!"

உப்பிலியபுரம் சரஸ்வதி

மறுநாள் கவுன்டர் திறக்குமுன் ஒரு சீட்டு எழுதினேன். பேர் சரஸ்வதி, ஊர் உப்பிலியபுரம். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. டாக்டரம்மாவிடம் நீட்டி, தெரிந்தவர் ஒருவருக்கு மார்பில் கட்டி என்றேன். எந்தப் பக்கம் என்றார். இடது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவசரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"சரஸ்வதியை அந்தத் திரைக்குப் பின்னால போய்ப் படுக்கச் சொல்லுங்க. நீங்களும் கூடவே போங்க."

அடுத்த கட்டில்

எனக்கும் புற்றுதான். சீக்கிரம் பிடித்துவிட்டதால் பிழைத்தேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் அடுத்த கட்டிலில் கோமளம் மாமி, கட்டுப் போட்டுக்கொண்டு. அவளைப் பார்க்க உறவுக்காரி ஒருத்தி வந்தாள். மாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைக் கை காட்டினாள்.

"ஆபரேஷன் இவாளுக்கு. நான் சும்மா துணைக்குப் படுத்துண்டிருக்கேன்."

இத்தனை வருஷம் சீட்டு எழுதியதில் நான் கண்டது, திருச்சி ஜில்லாவில் எல்லா வீட்டுப் பெண்களும் சுகம், பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத்தான் உடம்பு சரியில்லை.