கேட்டில் இருந்த எழுத்து

ஃபஹீமாவுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. அவர்கள் அச்சடிக்கக் கொடுத்த எழுத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்வாள். "ஏனுங்கக்கா, அந்த வால் நீண்ட எழுத்துக்காரரு வந்தாருங்களா?" என்று என்னைக் கேட்பாள். கணபதி ஏரியாவில் என் ஜெராக்ஸ் மெஷினும் அவளுடைய கம்ப்யூட்டரும் ஒரே ஷட்டருக்குள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் டிசைன் செய்வாள். மத்தியானம் லேத் பட்டறைகள் சாப்பாட்டுக்கு ஓய்ந்து தெரு அமைதியானால் போதும், வேலையை விட்டுவிட்டு எதிர்ச்சுவர் விளம்பரத்தின் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கனவு கினவு கிடையாது. எழுத்தை இழுக்க விடமாட்டாள். பெயர் சின்னது, போர்டு பெரியது, கொஞ்சம் அகலமாக இழுத்துவிடு என்று யாராவது சொன்னால், "எழுத்து என்ன பரோட்டா மாவுங்களா?" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவளிடம்தான் தனபால் ஐயா வந்தார். பட்டறை நடத்தி ஓய்ந்தவர், அடுத்த வீதியில் வீடு. மனைவி சின்னாத்தாளுக்கு மறதி நோய். வீட்டுக் கேட்டில் 'சின்னாத்தாள் இல்லம்' என்று இருந்த போர்டை ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று நொறுக்கிவிட, வேறு எழுத்தில் புதிதாக ஒன்று செய்து மாட்டியிருந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால், அந்தம்மா கேட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

"பேரு நம்முளுதுதானுங்க, ஊடு நம்முளுது இல்லீங்கன்னு நின்னுக்கறா, அம்மணி. இருட்டற வரைக்கும் ரோட்டுலயே நிக்கறோம். பையன் பெங்களூருல இருந்து, ஹோமுல சேத்திப்போடலாம்ங்கறான்." அவர் குரல் இறங்கியது. "எனக்கு அவளை உட மனசில்ல. அந்தப் பழைய எழுத்து கெடைக்குமா கண்ணு?"

போர்டுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குத் தோன்றியது. உடைந்த போர்டு குப்பை வண்டியில் போய்விட்டது. கிரகப்பிரவேசத்தன்று எடுத்த ஒரு போட்டோதான் மிச்சம். அதிலும் சின்னாத்தாள் பட்டுச்சேலையோடு போர்டை மறைத்து நின்றார். பெயரின் வால்பகுதியாக 'த்தாள்' மட்டும் அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது; 'இல்லம்' போட்டோவில் விழவில்லை.

"இவங்கள எனக்குத் தெரியுமுங்க. பேருதான் வரமாட்டேங்குது" என்றாள் ஃபஹீமா. எழுத்தைத்தான் சொன்னாள்.

பழைய தமிழ் ஃபான்டுகளில் இதுதான் தொல்லை. பெயரை அடித்துத் தேடினால் சிக்காது. ஃபைலின் பெயர் ஒன்று, உள்ளே ஃபான்டின் பெயர் இன்னொன்று. கடையின் முந்தைய முதலாளி விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் 'நியூ', அதற்குள் 'நியூ நியூ', அதற்குள் 'லேட்டஸ்ட்' என்று ஃபோல்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தாள். திறந்ததும் மாதிரிக்காக ஓர் ஆங்கில வாக்கியம் வரும். தமிழ் ஃபான்டில் அது அர்த்தமே இல்லாத தமிழாகத் தெரியும். எல்லாவற்றிலும் அதே வரி, வேறு வேறு முகத்தில். அந்த உளறலை அவள் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க எனக்கும் கண் சொக்கியது.

மறுநாள் வந்து ஒரு கனவைச் சொன்னாள். கணபதியில் எந்தப் போர்டிலும் எழுத்தே இல்லையாம். எல்லா எழுத்துகளும் இறங்கிவந்து, சின்னாத்தாளின் கேட்டுக்கு வெளியே, யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்தனவாம். "நானும் பக்கத்துல உக்காந்துட்டேனுங்கக்கா" என்றாள். இது வேலைக்காகாது என்று நினைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் முணுமுணுப்பு நின்றது. 'தா'வின் கால் லேசாக உள்வாங்கி வளைந்த ஒரு ஃபான்ட் திரையில் இருந்தது. ஃபைலின் பெயர் வெறும் எண்கள்.

முழுப்பெயரையும் பிரிண்ட் எடுத்து, கேட்டிலிருந்த புது போர்டின் மேல் ஒட்டினோம். வேடிக்கை பார்க்க நானும் நின்றேன். நடந்து முடித்து வந்த சின்னாத்தாள் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நம்மூடு மாதிரித்தானுங்க இருக்குது" என்றார் கணவரிடம். "ஆனா எளச்சுப்போச்சுங்க. சோறு தண்ணியில்லாம எளச்சுப்போச்சு."

தனபால் ஐயாவின் முகம் வாடிவிட்டது. ஃபஹீமா கடைக்குத் திரும்பினாள். போட்டோவைப் பெரிதாக்கி, பிரிண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இழுத்திருக்காங்கக்கா" என்றாள் மெதுவாக.

பெயர் சின்னது, கேட் பெரியது. அந்தக் காலத்தில் போர்டு செய்தவர் எழுத்தை அகலமாக இழுத்து இடத்தை நிரப்பியிருக்கிறார். அந்தம்மா இத்தனை வருஷமும் தன் வீடென்று பார்த்தது அந்த இழுத்த எழுத்தைத்தான். ஃபஹீமா மவுஸில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கஷாயம் குடிக்கிற முகத்தோடு, போட்டோவில் இருப்பதோடு ஒத்துப்போகும்வரை இழுத்தாள்.

"பரோட்டா ரெடிங்களா அம்மணி?" என்றேன். முறைத்தாள். கண் கலங்கியிருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் புது பிரிண்டை ஒட்டிவிட்டு, அதைப் பார்க்கச் சகிக்காமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வீதிமுனையிலிருந்து இருவரும் மெல்ல வந்தார்கள். தனபால் ஐயா மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தார். சின்னாத்தாள் கேட்டின் முன் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தானே நீக்கி உள்ளே போய், செருப்பை மூலையில் கழற்றி விட்டார். தனபால் ஐயா நகர மறந்து ரோட்டிலேயே நின்றார்.

சின்னாத்தாள் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?" என்றார். "உள்ள வாங்க."