கரியாலூரில் ஜாபர் பாய் கூப்பிட்ட பெயர்

காலையில் வழக்குக் கட்டுகளோடு கோர்ட் படியேறிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு புது ஆள் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் சரியாகக் கேட்கவில்லை. "ஜாபர் பாய் லீவா?" என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? வெடிகாலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவச்சொல்லவே பூட்டாருங்க" என்றார். கட்டுகளைப் பெஞ்சில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு வந்துபோகும் உங்களில் பலருக்கு டவாலி ஜாபர் பாயின் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். வழக்கு வரும்போது வாசலில் நின்று பெயரை மூன்று தரம் கூப்பிடுவது அவர் வேலை. மூன்றாவது தரத்துக்கும் ஆள் வராவிட்டால் பெரும்பாலும் வாரண்டுதான். "நான் கூப்ட்டும் ஒருத்தன் வரலன்னா, அவன் சின்னசேலம் தாண்டிட்டான்னு அர்த்தம்" என்பார். வக்கீல் குமாஸ்தா என்கிற முறையில் அந்த வாசலிலேயே என் பிழைப்பும் போவதால், எங்களுக்குள் கேலியும் கிண்டலும் ஜாஸ்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கேலி எதுவும் இல்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செல்போனை நீட்டினார். மலைமேல் கரியாலூரில் திறந்தவெளி ஹிப் ஹாப் விழா என்று ஒரு நோட்டீஸ். பாடுகிறவர்களின் படங்களுக்கு நடுவே அவர் மகள் நஸ்ரின். வீட்டில் தோழி கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"பொண்ணு பாத்துட்டுப் போனவங்க நாளைக்குப் பதில் சொல்றேன்னுக்கிறாங்க, சேகரு. இத்தப் பாத்தா இன்னா நெனைப்பாங்க? வண்டிய எடு. அவ மேடை ஏர்றதுக்கு முன்னாடி கூட்டியாந்துடணும்."

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. மெதுவாகப் போனால் "இன்னும் வெரசா" என்று முதுகில் தட்டினார். எனக்கோ, பெற்ற பெண்மீது ஊர் பார்க்க மேடையில் கை ஓங்கிவிடுவாரோ என்று பயம்.

மைதானம் கொள்ளாத கூட்டம். தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன்கள் செம்மண் புழுதி பறக்கக் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ராப் என்றால், இரண்டு வக்கீல்கள் வாய்தாவுக்குச் சண்டை போடுவது மாதிரிதான் கேட்கும். அதை ரசித்துக்கொண்டிருக்கிற நிலையிலும் நான் இல்லை. நாங்கள் கூட்டத்துக்குள் நுழையும்போதே நஸ்ரின் மேடை ஏறிவிட்டாள்.

இரண்டு வரி பாடியிருப்பாள். ஜெனரேட்டர் நின்றுபோயிற்று. மைக் செத்துவிட்டது. முதலில் விசில், பிறகு ஊளை. "எறங்கு! எறங்கு!" என்று ஒரு மூலையில் ஆரம்பித்தது கூட்டம் முழுக்கப் பரவியது. தண்ணீர் பாட்டில் ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது. அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். ஜாபர் பாய் ஆட்களைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"நஸ்ரின்!"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நஸ்ரின்!"

"இன்னா கொரல்டா சாமி!" என்றான் பக்கத்தில் ஒருவன். கூட்டம் சட்டென்று அடங்கியது. ஜாபர் பாய் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு மூன்றாவது தரம் கூப்பிட்டார். மலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்தப் பெயர்.

"ஆஜர்!" என்று கத்தினாள் நஸ்ரின். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் ஆரம்பித்தாள்.

"தேதி குடுத்தீங்க, திரும்பி வந்தோம்,
பேரக் கூப்புடல, வெயில்ல நின்னோம்..."

அதெல்லாம் ஜாபர் பாய் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்து வீட்டில் புலம்புகிற பேச்சு. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. அவர் கைதட்டவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் நின்றார்.

மகளைத் தோழிகளோடு வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். "எறக்கத்தான்யா போனேன்" என்றார். "அவகிட்ட சொல்லிடாத. தைரியம் குடுக்கக் கூப்ட்டேன்னு நெனச்சினு இருக்கா. நெனச்சினு இருக்கட்டும்."

அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. பாட்டுதான் காரணம் என்று தரகர் சொல்லியும் அனுப்பினார். ஜாபர் பாய் அதற்காக மகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாரண்டா போட்டுட்டாங்க? வேற எடம் வரும்" என்றார். நல்ல மனுஷன். இவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது நஸ்ரின் வாசலுக்கு வந்தாள். அவள் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்து, "கரியாலூர்ல உனக்காக அத்தா எப்படிக் கூப்ட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

"என்னை எறக்கத்தான் வந்தாருன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "மொத ரெண்டு தரம் கூப்ட்டது எங்க அத்தா. வூட்ல கோவத்துல கூப்புடுற அதே கொரலு. எறங்கிடலாம்னு காலு எடுத்துட்டேன். மூணாவது தரம் கூப்ட்டது கோர்ட்டு டவாலி. அந்தக் கொரலு கூப்ட்டா, உள்ள வந்து உன் பேச்சப் பேசுன்னுதான அர்த்தம்?"

ஜாபர் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் நடுவே அவர் இழுத்த ஒரு மூச்சு.